ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எந்தப் பாடத்திட்டம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஐந்தரை வயது. எல்கேஜி முடித்ததும் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, வேளச்சேரியில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறீர்கள். அமெரிக்காவில் தயாரான ஒரு முழு ஆண்டுப் பாடப் பெட்டியை நிறையச் செலவு செய்து வரவழைத்தீர்கள். மூன்றே மாதத்தில், அந்தப் பெட்டியை எடுத்தாலே பிள்ளை எழுந்து ஓடுகிறாள். அடுத்து வாங்க வேண்டியது தமிழ்நாடு அரசின் சமச்சீர்ப் புத்தகமா, மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகமா, தொட்டுப் பழகிக் கற்கும் மாண்டிசோரிப் பொருள்களா, வேறொரு வெளிநாட்டுப் பாடமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "மாமியார் தினமும் கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. பிள்ளையின் படிப்பை நாமே கெடுத்துவிடுவோமோ என்ற பயம் உங்கள் கேள்வி முழுக்க இருக்கிறது. அதனால் முதலில் அதற்குப் பதில்: ஐந்தரை வயதில் மூன்று மாதம் வேறு வழியில் போனதால் எதுவும் கெட்டுப்போகாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே 3 வயது முதல் 8 வயது வரை உள்ளதை ஒரே அடித்தளக் கட்டமாகத்தான் வைத்திருக்கிறது. உங்கள் மகள் அந்தக் கட்டத்தின் நடுவில் நிற்கிறாள்.

என் பின்னணியைச் சொல்லிவிட்டால், நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 9 ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் என் பிள்ளைகள் இருவரையும் ஆதம்பாக்கம் வீட்டில் நானே படிக்க வைத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் ஏழெட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். எல்லோருமே வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு நான் சொல்லும் வரிசை பொருந்தாமல் போகலாம். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எனக்குப் பயிற்சி இல்லை. அதைப் பற்றிக் கீழே ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பாடத்திட்டம் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்கள் மகள் தூக்கத்தில் எந்த மொழியில் உளறுகிறாள்? தமிழில் என்றால், வாசிப்பைத் தமிழில் தொடங்குங்கள். என் அனுபவத்தில் இதைவிட உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. எழுத்தைக் கூட்டிப் படித்து முடித்ததும் வரும் சொல், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும். 'ப', 'ட', 'ம்' என்று கூட்டியதும் 'படம்' என்று மண்டையில் மணி அடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சரியாகவே கூட்டி முடித்தாலும், அது என்ன பொருள் என்று அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தால், அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்த சந்தோஷம் பிள்ளைக்கு வருவதில்லை. உங்கள் பெட்டி முழுக்க ஆங்கில வாசிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை ஓடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"தமிழில் 247 எழுத்து இருக்கிறதே" என்று பயப்பட வேண்டாம். 12 உயிர், 18 மெய், அவை கூடி 216, ஓர் ஆய்தம் என்பது இலக்கணக் கணக்கு. கால், கொம்பு, கொக்கி, சுழி என்று குறிகளைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். ஆனால் அ, ஆ, இ என்று தொடங்காதீர்கள். 'அ'வும் 'இ'யும் எழுதச் சிரமமான வளைவுகள். அதோடு, சொல்லின் முதலில் மட்டுமே வரும் எழுத்துகளை வைத்துக்கொண்டு சொல் உருவாக்கவும் முடியாது. ட, ப, ம, ய என்று நேர்கோடும் எளிய வளைவும் கொண்ட எழுத்துகளில் தொடங்குங்கள். கூடவே புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம், பயம் என்று முதல் வாரத்திலேயே உண்மையான சொற்கள் கிடைக்கும். என் மகளுக்கு ட, ப, ம, ய, வ, ர இவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். வந்த பஸ்ஸின் பலகையை விரலால் தொடுவதுபோல் காற்றில் தடவிக்கொண்டே "வ... ட... ப..." என்றாள். அடுத்த எழுத்து தெரியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நகரப் போகும் நேரத்தில் "வடபழனி! அம்மா, வடபழனி!" என்று கத்தினாள். 'ழ'வை அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. மூன்று எழுத்தைப் படித்தாள், மீதியை ஊர் அறிவால் ஊகித்தாள், அந்த ஊகத்தால் 'ழ'வையும் 'னி'யையும் சம்பாதித்துக்கொண்டாள். வாசிப்பு நடக்கும் விதமே இதுதான். தெரிந்த மொழியில் மட்டும்தான் பிள்ளையால் இப்படி ஊகிக்க முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கக் கற்பிக்கும் ஆங்கில ஃபோனிக்ஸ் முறையை அப்படியே தமிழுக்குத் திருப்பாதீர்கள். அந்த வகையில் ஒன்றான ஜாலி ஃபோனிக்ஸ் பாடத்தில் 42 ஒலிகள் உண்டு. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று ஆறு எழுத்துகளின் ஒலிகளில் தொடங்கி வரிசையாகப் போகும். ஆங்கிலத்துக்கு அது நல்ல முறை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் தமிழில் ஓர் எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். கல், பக்கம், தங்கம், பகல் நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? தமிழ் பேசும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம், வாய்க்கு ஏற்கெனவே தெரியும். 'க என்றால் இந்த ஒலிதான்' என்று அட்டை காட்டிப் பழக்கினால்தான் 'தங்கம்' என்ற இடத்தில் தடுக்கி விழுவாள். அதனால் தமிழில் எழுத்தைத் தனியாக ஒலித்துப் பழக்குவதைக் குறைத்து, சொல்லோடு சேர்த்தே காட்டுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் வரட்டும். 'பஸ்' மட்டும் விதிவிலக்கு, அதை எந்தப் பிள்ளையும் விடுவதில்லை.

அப்புறம், நாம் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. வீட்டில் "வந்துட்டான்" என்பாள், புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று இருக்கும். புத்தகத் தமிழ் முதலில் காதில் விழுந்திருந்தால்தான் கண்ணில் படும்போது அந்நியமாகத் தெரியாது. இதற்கு ஒரே வழி, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. படிக்கும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாதீர்கள். எழுதியிருப்பதை எழுதியபடியே படியுங்கள். முடித்த பிறகு கதையைப் பற்றி உங்கள் வீட்டுப் பேச்சில் பேசுங்கள். பணம் எதுவும் தேவையில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் இலவசமாகக் கதைகள் இருக்கின்றன. ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வாரம் ஒருநாள் அங்கே போய் அவளே புத்தகம் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே புத்தகத்தை ஆறு வாரமும் எடுத்தால் எடுக்கட்டும்.

சரி, அந்தப் பெட்டியை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். பெட்டியில் உள்ள பாடங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். அப்படியே பயன்படுபவை ஒரு குவியல், பொருளை மட்டும் மாற்றினால் பயன்படுபவை இன்னொன்று, இந்த ஊரில் உயிரே இல்லாதவை மூன்றாவது. என் முதல் ஆண்டில் நானும் இப்படி ஒரு பழைய பெட்டியை வாங்கினேன். இலையுதிர்காலப் பாடத்தில் சிவப்பு இலை சேகரிக்கச் சொன்னது. அக்டோபரில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை, தெரு முழுக்கத் தண்ணீர், மரங்கள் எல்லாம் பச்சை. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, சித்திரைக்கு முன்னால் வேப்பம்பூ தரையில் உதிரும் நேரத்தில், வாசலில் உட்கார்ந்து நடத்தினேன். மரம் ஏன் உதிர்க்கிறது என்ற கேள்வி அதே கேள்விதான். கோடையில் சரக்கொன்றை, மழையில் தவளைச் சத்தமும் ஈசலும். நம் ஊரின் வருடத்துக்கு இந்த வரிசைதான் பொருந்தும். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வெளிப் பாடம் எதுவும் வேண்டாம், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அதே பெட்டியில் நாணயப் பாடமும் இருந்தது. 1, 5, 10, 25 சென்ட். முதல் மூன்றுக்கும் நம் 1, 5, 10 ரூபாய் நாணயங்களை வைத்துச் சமாளித்தேன். 25 சென்ட்டில் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அந்த நாணயத்தின் பெயரே 'கால் பங்கு' என்பதுதான், பின்னப் பாடம் முழுவதையும் அதன் மேல்தான் கட்டியிருந்தார்கள். நம்மிடம் இருந்த நாலணாவோ 2011லேயே செல்லாமல் போய்விட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாடத்தையே மூடிவிட்டுக் காய்கறிக் கடைக்கு அழைத்துப் போனேன். கால் கிலோ கத்திரிக்காய், அரைக் கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி. கடைக்காரர் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான் என் மகன். வீட்டுக்கு வந்து, இரண்டு அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஊற்றினோம். கால், அரை, முக்கால் மூன்றும் அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்ட சொற்கள். பின்னம் அவனுக்குப் புதிய பாடமாகவே தெரியவில்லை. பாட்டி வீட்டில் ஆழாக்கும் படியும் இருந்தால் இன்னும் நல்லது. 8 ஆழாக்கு ஒரு படி. அரிசியை அளந்து அவளே கண்டுபிடிக்கட்டும்.

எண்களின் பெயரிலும் தமிழில் ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். இருபது என்றால் இரு பத்து, முப்பது மூன்று பத்து, நாற்பது நான்கு பத்து. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று மனப்பாடம் செய்ய வேண்டிய இடத்தில், தமிழில் பதினொன்று, பன்னிரண்டு என்று பத்து உள்ளேயே தெரிகிறது. பத்துப் பத்தாகத் தீக்குச்சியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னால், இட மதிப்பு பாதி புரிந்துவிடும். தொண்ணூறு மட்டும் குழப்பும். எண்பதுக்கு அப்புறம் 'நூறு' என்ற ஒலி வந்துவிடுவதால், சில பிள்ளைகள் நூறைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் நின்று ஒன்பது கட்டுகளை எண்ணிக் காட்டுங்கள்.

இனி நீங்கள் கேட்ட தேர்வு. முதுகெலும்பாகத் தமிழ்நாட்டுப் பாடநூலின் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் இலவசம். அச்சுப் புத்தகம் வேண்டுமானால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், முன்பு டிபிஐ வளாகம் என்று இருந்த பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் விசாரியுங்கள். மூன்று பருவமாகப் பிரித்திருப்பதால் உங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். கணக்குக்கு மட்டும் கூடுதலாக என்சிஇஆர்டியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பாருங்கள், அதுவும் இலவசம். இரண்டையும் பக்கம் பக்கமாக முடிக்க வேண்டியதில்லை. எந்தத் திறன் எந்த வரிசையில் வருகிறது என்று நீங்கள் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவை. 2022இல் அரசுப் பள்ளிகளில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அதற்கு முன்பே, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறினாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரே பிள்ளை உள்ள வீட்டில் அது எளிது. உங்கள் மகள் தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

மாண்டிசோரிப் பொருள்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். மரியா மாண்டிசோரி 1939இல் நம் அடையாறுக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவர் முறையின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த முறையின் பலன், பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் கவனிக்கத் தெரிந்த பெரியவரிடம் இருக்கிறது. உரசிப் பழகும் எழுத்துகளுக்கு ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, வெட்டி, அட்டையில் ஒட்டினால் போதும். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்பது நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. விரல் பழகிய பிறகு பென்சில். நான் செய்த தவறு இங்கேதான். என் மகனுக்கு ஐந்து வயதிலேயே ஆங்கிலக் கூட்டெழுத்து எழுத வைத்தேன், தினமும் ஒரு பக்கம். ஒருநாள் பென்சில்கள் எல்லாம் காணோம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். அதைப் பார்த்த அன்று நிறுத்தினேன். மறுபடி அவன் மனமுவந்து எழுத ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பூக்கட்டுவது, புள்ளிக் கோலம், பட்டாணி உரிப்பது எல்லாமே கைக்குப் பயிற்சிதான்.

எவ்வளவு நேரம்? உட்கார்ந்து படிப்பது ஐந்தரை வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் முக்கால் மணி நேரம் போதும், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக. மீதி நேரம் விளையாட்டும் வீட்டு வேலையும். நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் எழுதுவதைவிட, இன்றைக்கு என்ன செய்தாள் என்று ராத்திரி இரண்டு வரி எழுதி வையுங்கள். தேதி போட்ட ஒரு நோட்டு. பின்னால் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உறுதியானது. அடுத்த இரண்டும் என் கருத்து மட்டுமே. ஆங்கிலத்தைக் காது வழியாக இப்போதே கொடுங்கள். ஆங்கில வாசிப்பைத் தமிழ் சரளமான பிறகு, ஆறரை வயதுவாக்கில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கும் உத்தேசம் இருந்தால் இந்த யோசனை பொருந்தாது, இரண்டையும் இப்போதே சேர்த்து நடத்த வேண்டியிருக்கும். இரண்டாவது, ஏழு வயது வரை வாசிக்கவே கற்றுத்தர வேண்டாம் என்று ஸ்டைனர் வழிப் பெற்றோர், அதாவது ருடால்ஃப் ஸ்டைனரின் வால்டார்ஃப் கல்வி முறையைப் பின்பற்றுபவர்கள், சொல்வார்கள். அப்படி வளர்ந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தானாக ஆசைப்பட்டுக் கேட்கும் பிள்ளையைக் காத்திருக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறப்புக் கவனிப்பு பற்றிச் சொல்கிறேன் என்றேன். பாடத்தைப் பார்த்து ஓடும் பிள்ளைக்குப் பாடத்தை மாற்றும் முன் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஏழு, ஏழரை வயதாகியும் கற்றுக்கொடுத்த எழுத்துகள் நிற்கவில்லை என்றால், பாடத்திட்டம் மாற்றிக்கொண்டே போகாமல் பயிற்சி பெற்றவர்களிடம் காட்டுங்கள். நம் ஊரிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. அது வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உங்களுக்கு உதவும் பகுதி 4ஆம் பிரிவு: பள்ளியில் சேராத பிள்ளையை அவள் வயதுக்கு உரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அதனால் அரசுப் பள்ளியின் கதவு மூடாது. சட்டப்படி கூடாது என்றாலும் சில தனியார் பள்ளிகள் நுழைவுத் தேர்வு மாதிரி ஏதாவது வைக்கக்கூடும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பள்ளிக்கே அனுப்பாமல் போனாலும், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். அதற்கு முன் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் அங்கே உண்டு. வழக்கறிஞர் அல்லாத நான் இதற்கு மேல் சொல்வது சரியில்லை.

கடைசியாக மாமியார். அவருக்குப் பதில் சொல்லிச் சமாளிக்க வேண்டாம், வேலை கொடுங்கள். அவருக்குப் பல்லாங்குழி தெரியும் என்றே நினைக்கிறேன். பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 5 முத்து என்றால் மொத்தம் 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வது, எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவது, எல்லாம் ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு மேலேயே இருக்கும். எங்கள் வீட்டிலும் பள்ளி பள்ளி என்று கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், மகள் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு "பாட்டி, இங்கேருந்து எடுத்தா உங்க பசு எனக்கு" என்று சொன்னதிலிருந்து மதியம் மூன்று மணியானால் அவரே பலகையை எடுத்துப் போடத் தொடங்கிவிட்டார். பலகை வீட்டில் இல்லையென்றால் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் தேடிப் பாருங்கள். அதுவரை தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடலாம்.